நான் தலையாட்டிய செவ்வாய்க்கிழமை

என் கையெழுத்து கோணல். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்து வாசியுங்கள்.

மே மாதம், இங்கே குளிர். செவ்வாய். காலை ஒன்பது பத்து. புக்கெகோஹி ஊரில் வெங்காயம் பொதி செய்யும் கொட்டகை. வாசலில் நிற்கிறேன். டொம். பத்து விநாடி. மறுபடியும் டொம். மண்ணில் விழுகிறேன்.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

கத்துவது நான்தான். பக்கத்துத் தோட்டத்தில் குருவி விரட்டும் காஸ் வெடி அது. எல்லோரும் சிரித்தார்கள். ஹினே சிரிக்கவில்லை. கை கொடுத்துத் தூக்கினார். மாவோரிப் பெண், இந்த நாட்டின் பூர்வகுடி. அறுபது வயது. என்னோடு வெங்காயம் தரம் பிரிப்பவர்.

பத்து மணி. தேநீர். சுவரில் புதிதாக ஒரு தாள். ஊர்க்காரர் உள்ளே, ஹீட்டர் அறையில். விசாக்காரர் வெளியே, இரும்புக் கன்டேனரில். ஆனால் விசாவில் வந்த அயர்லாந்துக்காரன் உள்ளேதான் இருந்தான். வெளியே போனது கறுத்த தோல் மட்டும்.

மேற்பார்வையாளர் மலேசியத் தமிழர்.

"அண்ணே, கன்டேனருக்குப் போங்கலா. உங்க கருவாட்டு நாத்தத்துக்கு இங்க ஃபேன் பத்தாது."

"ஓம் தம்பி" என்றேன். போனேன். சோதனைச் சாவடிகளில் பழகிய கால்கள். காட்டிய வரிசையில் நிற்கும்.

ஹினே தாளைக் கிழித்தார். யாரையும் தொடவில்லை. வெள்ளைக்காரன் எங்கள் நிலத்தை எடுத்தான், இந்த ஊர்த் தியேட்டரில் என் அம்மாவைத் தனியாக உட்கார வைத்தான், இனி ஒரு தாளும் ஒட்ட விடமாட்டேன் என்றார்.

மூன்று மணி. அலுவலகம். முதலாளி கேட்கிறார். அவள் மேற்பார்வையாளரைத் தள்ளினாள், நீ பார்த்தாய்தானே? ஹினே எதிரே நிற்கிறார். என் விசா முதலாளியின் கையெழுத்தில் நிற்கிறது.

தலையாட்டினேன்.

அன்று யாழ்ப்பாணத்தில் இராணுவச் சுற்றிவளைப்பு. எனக்கு இருபத்திரண்டு வயது. வரிசையில் போனோம். ஜீப்பில் முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன், இராணுவத்தின் ஆள்காட்டி. என் தம்பி முன்னால் வந்ததும் தலையாட்டினான். கொண்டு போன தம்பி திரும்பி வரவில்லை. அந்தத் தலையாட்டியை முப்பது வருடம் சபித்தேன். அவன் செய்ததைச் சாக்கு இல்லாமல் நான் செய்தேன்.

ஹினே என் காலடியில் துப்பினார். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

ஹினே வழக்குப் போட்டிருக்கிறார். நான் தலையாட்டியது பொய். இந்தத் தாளை அவருடைய வழக்கறிஞரிடம் கொடுக்கிறேன். விசா போனால் போகட்டும்.

இழந்தவை. ஹினேயின் பதினேழு வருட வேலை. அவருக்காகப் பேசிய இரண்டு பேரின் வேலை. என் முகத்தைப் பார்த்துப் பேசிய ஒரே ஆள். யாழ்ப்பாணத்தில் ஒரு தம்பி, வயது பத்தொன்பது.

2025 ஆகஸ்ட் 17, ஞாயிறு.