இருபது பக்கம் கையால்

"அவளுக்கு முட்டை போட்டதே நான்தான் சார்."

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கைக்காரர் இப்படிச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் மார்க்கெட்டிங் நடத்துகிறவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. பக்கத்தில் இருந்தவரும் வாத்தியார்தான்.

"எந்தப் பொண்ணுக்கு?"

"சீப்புச்சீடை வித்து வீடியோ போடுறாளே, அவளுக்கு. என்கிட்ட டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிச்சவ. வெள்ளிக்கிழமை நம்ம துறையில சிறப்புரைக்கு அவளைக் கூப்புட்டிருக்காக. வரவேற்புரை நான் சொல்லணுமாம்."

"எதுக்கு முட்டை போட்டீக?"

"அசைன்மென்ட்டை இருபது பக்கம் எழுதிட்டு வரச் சொன்னேன். இவ அடுப்படியில நின்னு ஒரு வீடியோ எடுத்து அனுப்புறா."

"டிஜிட்டல் மார்க்கெட்டிங்குக்கா கையால எழுதச் சொன்னீக?"

"எல்லாப் பாடத்துக்கும் அப்படித்தான சார் கேக்குறோம்!"

நடத்துநர் வந்து இருவருக்கும் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

"அந்த வீடியோவைத்தான் அவ முதல்ல போட்டிருக்கா. லட்சம் பேரு பாத்துருக்காக. நானும் வெள்ளைப் பலகை முன்னாடி நின்னு நாப்பது வீடியோ போட்டேன். என் வீட்டுக்காரிகூடப் பாக்க மாட்டேங்குறா."

"விட்டுத் தள்ளுங்க சார். அவ வீடியோவை நீங்களும் பாக்காம இருங்க."

"ஒன்னு விடாமப் பாத்துட்டேன்."

"அப்பறம் எதுக்குப் பாத்தீக?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேருந்து பிள்ளையார்பட்டி விலக்கைத் தாண்டியது.

"எங்கயாச்சும் என் பேரைச் சொல்றாளான்னுதான்."