நூற்று நாற்பத்தைந்தின் மறுபாதி

மார்லிஸ்: எங்க ஓடுற? நில்லு.

கெல்வின்: கார்ல இருக்கேன் மார்லிஸ். முடிஞ்சதும் ஒரு போன் போடுங்க, வந்து கூட்டிட்டுப் போறேன்.

மார்லிஸ்: ரெண்டரை வயசுப் புள்ளைய என் மேஜை மேல பொட்டலம் மாதிரி வெச்சிட்டுப் போவியா? இது பல் ஆஸ்பத்திரிப்பா, கூரியர் ஆபீஸ் இல்ல.

கெல்வின்: நான் சும்மா டிரைவர்தான். எப்பவும் இவ பெரியம்மா இங்ரிட்தான கூட்டிட்டு வருவா? அவளுக்கு இன்னிக்கு ஏதோ அவசர வேலையாம்.

மார்லிஸ்: ம்... சொன்னா, சொன்னா.

கெல்வின்: அப்புறமென்ன? பல்லப் பாத்துட்டு இன்சூரன்ஸுக்கு எழுதி அனுப்பிடுங்க.

மார்லிஸ்: என்னன்னு எழுத? மூணு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைங்களுக்குன்னே இன்சூரன்ஸ் பில்லுல தனியா ஒரு கோடு நம்பர் இருக்கு. நூத்தி நாப்பத்தஞ்சு. அதுல பாதிதான் பல்லு. மறுபாதி என்னன்னா, குழந்தைய வளக்கிறவங்ககிட்ட டாக்டர் உக்காந்து பேசணும். பேசாம, பேசினாங்கன்னு நான் எழுத மாட்டேன்.

கெல்வின்: வளக்கிறது இங்ரிட்.

மார்லிஸ்: அப்ப நீ யாரு?

கெல்வின்: ...அப்பன்.

மார்லிஸ்: பரவாயில்லையே, ஞாபகம் இருக்கு.

கெல்வின்: வேற கோடு போடுங்களேன். உங்ககிட்ட ஒரு புத்தகமே இருக்குமே.

மார்லிஸ்: நூத்தி நாப்பது போடலாம். அதுக்கு எங்கயாவது வலின்னு சொல்லணும். ஹேட்டிக்கு வலிக்குதா?

கெல்வின்: இல்ல.

மார்லிஸ்: உனக்கு?

கெல்வின்: எனக்கா? எனக்கு வலியே தெரியல மார்லிஸ், மரத்துப் போய்க் கெடக்கு. துறைமுகத்துக்குப் போறேன், ஷிஃப்ட் முடிஞ்சா வரேன். பல்லுக்கு மரத்துப் போற ஊசி போட்டாக்கூட ரெண்டு மூணு மணி நேரத்துல உணர்வு வந்துடுது. இது வரல.

மார்லிஸ்: தெரியும்ப்பா. பெண்டாட்டிய அடக்கம் பண்ண அன்னிக்கே பாத்தேன். யார் கை நீட்டினாலும் பிடிச்ச. புள்ளைய நீட்டினப்ப மட்டும் கைய ஜேப்புக்குள்ள விட்டுக்கிட்ட.

கெல்வின்: தூக்கினா, அம்மா எங்கன்னு கேப்பா. நான் என்ன சொல்ல? ...விடுங்க. இவ அம்மா மாரிட் போனப்ப துணைக்கு வந்தவ இங்ரிட், எத்தனை நாள்தான் என் வீட்டுல கெடப்பா? சனிக்கிழமை அவ ஊருக்கு, ஃபார்கோவுக்குத் திரும்பிப் போறா. இவளையும் கூட்டிட்டு.

மார்லிஸ்: எத்தனை நாளைக்கு?

கெல்வின்: நாள் கணக்கெல்லாம் இல்ல. ...ஒரேயடியா.

மார்லிஸ்: ஓ.

கெல்வின்: நான்தான் கேட்டேன். அவ சரின்னுட்டா. அங்க தோட்டம் இருக்கு, நாய் இருக்கு... இவளுக்கும் அதான் நல்லது.

மார்லிஸ்: நல்லதோ என்னவோ... டாக்டர் கூப்பிடுறாங்க. நீயே தூக்கிட்டுப் போ, எனக்கு முதுகு வலி.

டாக்டர்: வாங்க சார். ஏன் நிக்கிறீங்க? அந்த ஸ்டூல இழுத்து எனக்கு எதிர்ல போட்டு உக்காருங்க. முட்டியும் முட்டியும் ஒட்டணும்.

கெல்வின்: அந்தப் பெரிய நாற்காலில படுக்க வைக்க மாட்டீங்களா டாக்டர்?

டாக்டர்: இத்தனூண்டுக்கு அது எதுக்கு? நம்ம ரெண்டு பேர் மடிதான் இவளுக்குப் படுக்கை. உங்களப் பாத்த மாதிரி உக்கார வைங்க. கால் ரெண்டும் உங்க இடுப்பச் சுத்தி. அப்படியே என் பக்கமா சாய்ங்க... தலை எனக்கு, கை உங்களுக்கு.

கெல்வின்: அழுவுறாளே!

டாக்டர்: அழட்டும், வாய் நல்லாத் திறக்குது. கையப் பிடிங்க... பிடிங்க சார், சுடாது.

கெல்வின்: ...கட்டைவிரலப் பிடிச்சுக்கிட்டா.

டாக்டர்: குனிங்க. உங்க முகம் அவளுக்குத் தெரியணும். ம்... நிறுத்திட்டா பாத்தீங்களா? நான் பாட்டுக்குப் பல்ல எண்ணுறேன், நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ராத்திரி பால் பாட்டிலோடயா தூங்குறா?

கெல்வின்: இல்ல, பாட்டில் விட்டாச்சு. தண்ணிதான். ரெண்டு மடக்கு குடிச்சிட்டு, டம்ளரத் தலைமாட்டுல வைக்கச் சொல்வா.

டாக்டர்: பல் தேய்க்க விடுறாளா?

கெல்வின்: மேல விடுவா. கீழ போனா பிரஷ்ஷக் கடிச்சிடுவா. இங்ரிட் கரடி மாதிரி உறுமினா சிரிச்சிடுவா, அந்த நேரத்துல தேய்ச்சிடணும்.

டாக்டர்: விரல் சூப்புறது?

கெல்வின்: தூக்கம் வர வரைக்கும். வலது கை. அப்புறம் தானா நழுவிடும்.

டாக்டர்: நல்லாக் கவனிச்சிருக்கீங்களே! பக்கத்துலயே படுத்துக்குவீங்களா?

கெல்வின்: இல்ல... கதவுக்கு வெளில நிப்பேன்.

டாக்டர்: தினமுமா?

கெல்வின்: ...ம்.

டாக்டர்: என்ன ஹேட்டி, என்ன சொல்ற? ...சார், உங்களையும் வாயத் திறக்கச் சொல்றா.

கெல்வின்: என்னையா?

டாக்டர்: சீக்கிரம்! இல்லேன்னா இவ மூடிடுவா. ...அப்படித்தான். ஆ... ஆ... அவ்வளவுதான். பூச்சி கீச்சி ஒண்ணும் இல்ல, கடைவாயில ரெண்டுதான் இன்னும் வரணும். சார், முடிஞ்சுது, நீங்க வாய மூடலாம். இந்தாங்க, கண்ணத் துடைச்சிக்குங்க. ...அட, அவளுக்கில்ல. உங்களுக்கு.

மார்லிஸ்: என்னப்பா, முடிஞ்சுதா? கீழ இறக்கி விடு. ஜாக்கெட் மாட்ட வேணாமா?

கெல்வின்: இருக்கட்டும். கழுத்தக் கட்டிக்கிட்டா, விட மாட்டேங்குறா. ...மார்லிஸ், அம்மா எங்கன்னு இவ கேக்கல.

மார்லிஸ்: பின்ன?

கெல்வின்: "அப்பா, நீ எங்க போன?"ன்னு கேட்டா.

மார்லிஸ்: ...நீ என்ன சொன்ன?

கெல்வின்: வந்துட்டேன்னு சொன்னேன்.

மார்லிஸ்: அப்ப நூத்தி நாப்பத்தஞ்சே போடுறேன்.

கெல்வின்: போடுங்க. ...ஆனா இங்ரிட் அங்க இவளுக்குன்னு ஒரு ரூமுக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கா மார்லிஸ். நானே வலியப் போய்க் குடுத்துட்டு, இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு மாட்டேன்னு சொல்வேன்?

மார்லிஸ்: ஒண்ணும் சொல்ல வேணாம். அவளுக்கு இன்னிக்கு எந்த வேலையும் கெடையாது, எதிர்த்த காபிக் கடையில உக்காந்து நம்ம வாசலையேதான் பாத்துக்கிட்டிருக்கா. "ஒரே ஒரு தடவை அவன் இவள மடியில வெச்சிக்கட்டும் மார்லிஸ், அதுக்கப்புறமும் குடுத்தான்னா கூட்டிட்டுப் போறேன்"னு நேத்து போன்ல அழுதா. உன் மடியிலயே வெச்சுப் பாருங்கன்னு நான்தான் டாக்டர்கிட்ட சொல்லி வெச்சேன். மத்த நாள்ல கையக் கால நானே பிடிச்சுப்பேன்ப்பா, இன்னாரு மடியிலதான்னு எந்தக் கோடும் கேக்காது. போ, இவள இறக்காம இப்படியே அந்த வாசல் வழியா நட, அவ புரிஞ்சுக்குவா.