பனியில் நிற்கும் பிச்சைமுத்து

பனிக்காலத்தை வரைய வெள்ளை நிறம்தான் அதிகம் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள், இன்ஸ்பெக்டர். அப்படியில்லை. நீலமும் ஊதாவும்தான் வேண்டும். வெள்ளையைக் கடைசியில் கொஞ்சம் தொட்டுக்கொண்டால் போதும்.

பனி மூடிய வயல், தள்ளித் தள்ளி நாலைந்து கூரைகள், விறகு சுமந்து வரும் ஒரு கிழவர். இதுதான் என் படம். நான் குளிர்நாட்டுக்குப் போனதில்லை. ஆனாலும் வயலும் கூரையும் சரியாகவே வந்தன. ஓவியக்கூடம் நடத்தும் ஹன்னா பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“பனி நல்லாத்தான் இருக்கு அங்கிள். ஆனா அந்த ஆளுக்குக் குளிரவே இல்ல லா. ஆயர் ஈத்தாம் வெயில்ல பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்காரு.”

உண்மையைத்தான் சொன்னாள். அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அந்த முகத்தைச் சுரண்டுவேன், வரைவேன், மறுபடி சுரண்டுவேன். பாதிச் சோற்றில் எழுந்து போய்ப் படத்தின் முன் நிற்பேன். என் மனைவி ஜெயந்தி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

அந்தக் கிழவரை வரைய எனக்கு மாடலாக நின்று கொடுத்தவர் பிச்சைமுத்து அண்ணன். பாசாரில் மீன் விற்பவர். கடைக்குப் பின்னால், ஆள் உள்ளே போய் வரும் அளவுக்கு ஒரு ஐஸ் ரூம் வைத்திருந்தார். அதற்குள் சற்று நிற்க முடியுமா என்று கேட்டதும் சம்மதித்தார்.

“உள்ள கைப்பிடி ரோசாக் ஆயிடுச்சு தம்பி, தொறக்க வராது. நீங்கதான் வெளியேருந்து தொறந்து விடணும்” என்றார்.

மதியம், பாசார் ஓய்ந்திருந்தது. கதவிலுள்ள சிறிய கண்ணாடி வழியாகப் பார்த்து வரைந்தேன். கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே தட்டினார். பிறகு சிரிக்காமல் தட்டினார்.

“தம்பி, போதும் லா. தொறங்க.”

உதடு அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. நடுங்கும் முகத்தில் கோடு சரியாக விழாது. அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அடங்கியது. முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டியே வைத்திருந்தார். அது எனக்குப் பெரிய உதவி.

வரைந்து முடித்துத்தான் கதவைத் திறந்தேன். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. தாழ்ப்பாள் என் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவருடைய இடது கை கடைசிவரை கண்ணாடிக்குக் கீழேயே இருந்துவிட்டது. படத்தில் இருப்பது நான் பார்க்காமல் வரைந்த கை. அதை நினைத்தால்தான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.