இருவருக்கு ஒரு பூட்டு

தேநீர் நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் துவான். சர்க்கரை இல்லாமல் கொடுத்திருக்கலாம். என் கண்ணைக் கெடுத்ததே சர்க்கரை நோய்தான்.

நீங்கள் இரக்கமுள்ளவர். "கண்ணு சரியாத் தெரியலை, தவறி நடந்துபோச்சுன்னு சொல்லுங்கக்கா" என்று காலையிலிருந்து எனக்கு வழிகாட்டுகிறீர்கள். ஆனால் நடந்தது அப்படியல்ல. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பாயான் லெப்பாசில் எங்கள் தொழிற்சாலை கணினிச் சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரங்களைச் செய்கிறது. ஆள் உயர மின்பெட்டிக்குள் கம்பிகளைக் கோத்துத் திருகி முடுக்குவது என் வேலை. இருபது வருடமாக நான் முடுக்கிய திருகு ஒன்றுகூடக் கழன்றதில்லை. போன வருடம் நீலமும் பச்சையும் எனக்கு ஒரே நிறமாகிவிட்டன. மாற்றிக் கோத்தால் பெட்டி புகைந்துவிடும். நிறம் தெரியாதவளுக்கு அங்கே இடமில்லை. வேலை போனால் பாலிங்கில் தம்பி வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவன் மனைவி சோற்றைப் போடும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அடுத்த மேசைக்காரி நோர்லிடா என் குறையைக் கண்டுபிடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சிரித்தாள்.

"ரொக்கியாக்கா, இதுதான் நீலம். உங்க கிளந்தான் ஊர்ல சங்குப்பூ போட்டு ஆக்குற நீலச் சோத்தைக் கீரைன்னு நெனச்சுத் தின்னுருவீங்க போல."

"வாயை மூடுடி. மேற்பார்வையாளர் காதுல விழும்."

"விழட்டுமே. உங்க கண்ணுக்கும் சேத்துத்தான் எனக்குச் சம்பளம்னு சொல்லிக்கிறேன்."

அன்றிலிருந்து என் கம்பிகளை அவளே வரிசையாக எடுத்து வைத்தாள். நான் முடுக்கினேன். எங்கள் பெட்டிகளில் ஒரு பிழையும் வந்ததில்லை.

பிறகு கூலிம் நகரில் திறந்த புதிய ஆலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இனிப்பு வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கும் ஊட்டினாள். நான் என்ன ஆவேன் என்று அவளிடம் கேட்டேன்.

"அழாதீங்கக்கா. ஏதாவது வழி பண்றேன்" என்றாள்.

எல்லோரும் சொல்வதுதானே அது? எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவள் கையில் சின்னதாக ஒரு காயம் பட்டால் போதும், கூலிம்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்த பிறகு மனம் அமைதியாகிவிட்டது.

பெட்டிக்குள் கைவிடுகிறவர் மின்சாரத்தை அணைத்து, சுவிட்சின் கைப்பிடியில் தன் பூட்டை மாட்டிச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் விதி. ஆளுக்கொரு பூட்டு. நாங்கள் இருவரும் வேலை செய்தால் என் பூட்டு ஒன்றைத்தான் மாட்டுவோம். "உங்க பூட்டு என் பூட்டு மாதிரிதானே" என்பாள். மேற்பார்வையாளர் கண்டும் காணாமல் இருப்பார். அவசரமான உற்பத்தி, துவான்.

அன்று மதியம் மற்றவர்கள் தொழப் போயிருந்தார்கள். நோர்லிடா பெட்டிக்குள் தலையைவிட்டு, செம்புப் பட்டையில் கடைசித் திருகை முடுக்கிக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். நான் பெட்டியின் பின்பக்கம் போய்ப் பூட்டைக் கழற்றினேன். கைப்பிடியை மேலே தூக்கினேன். அதற்கு நிறம் தெரிய வேண்டியதில்லை. மேலே என்றால் மின்சாரம் உண்டு, கீழே என்றால் இல்லை.

பாட்டு நின்றது.

நானூறு வோல்ட் ஒரு மனுஷியை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். ஆனாலும் விரல் மட்டும் பொசுங்கும் என்றுதான் எண்ணியிருந்தேன். அப்படி எண்ணாமல் கைப்பிடியைத் தூக்கியிருக்க முடியாது.

கைப்பிடியைக் கீழே இறக்கி, பூட்டை மறுபடி மாட்டிவிட்டுத்தான் கத்தினேன். ஆகவே கொலைதான் செய்தேன். அப்படியே எழுதுங்கள்.

நோர்லிடாவின் குழியில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது மேற்பார்வையாளர் என் பக்கத்தில் நடந்து வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரொக்கியாக்காவையும் சேத்து எடுத்தாத்தான் கூலிமுக்கு வருவேன்னு ஒத்தக் கால்ல நின்னா. அக்கா கம்பியைத் தொட வேணாம், புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக்குடுக்கட்டும்னு பேசி, அவங்களும் சரின்னுட்டாங்க. உங்க பிறந்தநாளைக்குத்தான் சொல்லணும்னு என் வாயையும் கட்டிப்போட்டிருந்தா."

பிறந்தநாள் நாளைக்குத்தான், துவான். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா? அவள் செய்த தப்புக்கு நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.