இந்தத் தடவை சரியா மாட்டுடா

ஏணி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். எந்த வீட்டுக்குப் போனாலும் சொந்த ஏணியைத்தான் கொண்டுபோவேன். வீட்டுக்காரர்கள் தருகிற ஏணியில் ஒரு கால் கட்டாயம் குட்டையாக இருக்கும். நாற்காலி மேல் முக்காலியை வைத்து, "ஏறுங்க சார், நான் பிடிச்சுக்கறேன்" என்பவர்களும் உண்டு. அவர்களைக் காப்பாற்றப் போனவன் இடுப்பொடிந்து கிடந்தால் நன்றாகவா இருக்கும்?

நீங்கள் எழுத வசதியாக மெதுவாகவே சொல்கிறேன், ஐயா. பதினொரு வருடம் எனக்கு இதுதான் வேலை. மற்றவர்கள் வண்டியில் ஏறிப்போய்த் தீயை அணைப்பார்கள். நான் ஏணியும் துளைபோடும் மெஷினும் எடுத்துக்கொண்டு, இன்னும் தீப்பிடிக்காத வீடுகளுக்குப் போவேன். போகிற வீட்டிலெல்லாம் உட்காரவைத்து டீ கொடுக்கிறார்களே என்று நிலையத்தில் என்னை 'மாப்பிள்ளை' என்று கிண்டல் செய்வார்கள். வீட்டுப் பாதுகாப்புச் சேவை என்று பெயர், இலவசம்தான். புகை அலாரம் மாட்டுவேன், கேஸ் குழாயைப் பார்ப்பேன், பிளக்குகளைப் பார்ப்பேன். அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, எல்லாம் சரியென்றால் வாசல் கதவில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவேன்.

நான் வரப்போகிறேன் என்றால் மாமியார் வருவதுபோல வீட்டை ஒழுங்குபண்ணி வைப்பார்கள். படியிறங்கியதும் பழைய குருடி கதவைத் திறடிதான். வறுக்கும்போது கத்துகிறது என்று அலாரத்துக்குக் காலுறை மாட்டிவிட்ட வீட்டைப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் பையைக் கட்டியவர்கள் உண்டு. பேட்டரியை உருவி வேறெதற்காவது போட்டுக்கொள்வது இருக்கிறதே, அது பாதி வீடுகளில் நடக்கும். நான் யாரையும் திட்டியதில்லை. என் குரல் உயர்ந்த ஒரு வீடு இருந்தால் காட்டுங்கள்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது பெரியவள். அம்மா வேலைக்குப் போய்விடுவாள் என்பதால் எனக்குத் தலைவாரி விட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் அவள்தான். அத்தான் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தார். விடியவிடிய அடுப்பு முன்னால் நின்றுவிட்டு வந்து பகலில் தூங்குகிற மனிதர். மெதுவாகப் பேசுவார். அவருடைய அம்மாவும் அவர்களோடுதான் இருந்தார். பிள்ளைகள் இல்லை. நான் முதன்முதலில் அலாரம் மாட்டிய வீடுகளில் அக்கா வீடும் ஒன்று.

மூன்று வருடத்துக்கு முன் அந்த வீடு எரிந்ததும், அத்தானின் அம்மா உள்ளேயே இறந்ததும் உங்களுக்குத் தெரியும். விசாரணை அறிக்கையை எழுதியதே நீங்கள்தான். ஆனால் அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ரிமோட்டுக்குப் பேட்டரி தீந்துபோச்சுடா. அலாரத்துல இருந்த ரெண்டையும் எடுத்துப் போட்டேன். மறுநாள் வாங்கிடலாம்னு இருந்தேன். மறந்தே போச்சு."

"எப்ப எடுத்த?"

"ஒரு மாசம் இருக்கும்."

நான் அவளைத் தேற்றினேன். நூறு வீட்டில் நடப்பதுதான் அக்கா, இது குற்றமில்லை, விசாரணையில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு என்றேன். தலையாட்டினாள். மூன்று நாள் கழித்து உங்கள் அறையில், எனக்கும் அத்தானுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னதை நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். பேட்டரி இருந்தது, அலாரம்தான் அடிக்கவில்லை, அதை மாட்டியது என் தம்பி. கூரை முழுவதும் இடிந்துவிழுந்த குப்பையில் அலாரம் கிடைக்கவே இல்லை. அவள் வாய்ச்சொல் ஒன்றுதான் சாட்சி.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று என்னைக் கேட்டீர்கள். இல்லை என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்கத் தோன்றும். தன் அம்மாவைப் பறிகொடுத்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உண்மை தெரிந்தால் அவர் அவளோடு வாழ்வாரா? அவள் பயம் எனக்குப் புரிந்தது. என்னை வளர்த்தவளுக்கு நான் செய்யக்கூடியது இது என்று வாயைக் கட்டிக்கொண்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இரண்டு நாளில் அவளே தனியாக வந்து உங்களிடம் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு வாரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஐயா. மனசு விட்டுப்போயிற்று.

பிறகு என்னை வீட்டுச் சேவையிலிருந்து எடுத்துத் தொலைபேசி அறையில் உட்காரவைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை, ஒரு மேஜை, இரண்டு போன். நான் மாட்டிய அலாரங்களை மறுபடி பரிசோதிக்க வேறு ஆட்கள் போனார்கள். சிலர் நேரே நிலையத்துக்கே கொண்டுவந்து வீசிவிட்டுப் போனார்கள். எனக்கு வருடா வருடம் டீ கொடுத்த பெண்மணி கடையில் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அதெல்லாம் வலித்தது, ஆனாலும் தாங்கினேன். கூடப்பிறந்தவளுக்காக என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

போன வருடம் அக்காவும் அத்தானும் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். மூன்றாவது மாடி, இரண்டு அறை, நடுவில் குறுகலான நடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொந்தக்காரர்கள் பத்துப்பதினைந்து பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பழைய தீயைப் பற்றிப் பேச்சு வந்தது. வரத்தானே செய்யும்? சித்தப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்போது அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டபடி சொன்னாள்.

"விடுங்க சித்தப்பா, அவனும் மனுசன்தானே. ஏதோ அவசரத்துல சரியா மாட்டாம விட்டுட்டான். நாங்க அவனை எப்பவோ மன்னிச்சிட்டோம்."

அத்தான் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

நான் அவள் முகத்தையே பார்த்தேன். கண்ணடித்துக் காட்டுவாள், பார்வையைத் தாழ்த்துவாள், ஏதாவது ஒன்று இருக்கும் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. உண்மையாகவே என்னை மன்னித்துவிட்டாள். பொய்யைச் சொல்லிச் சொல்லி அது அவளுக்கே உண்மையாகிவிட்டது. நான் சுமந்தது அவளுக்காக என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆளும் அதை மறந்துவிட்டாள்.

எல்லோரும் கைகழுவும்போது கடையில் வாங்கிய புது அலாரம் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"வேற யாரையும் நான் நம்பறதில்ல. நீயே மாட்டிக் கொடு. இந்தத் தடவை சரியா மாட்டுடா."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கீழே போய் வண்டியிலிருந்து என் ஏணியை எடுத்துவந்தேன்.

இந்த இடம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அறிக்கையில் இருக்கட்டும். புது அலாரம் பெட்டியிலிருந்து வரும்போது அதன்மேல் தூசிமூடி ஒன்று இருக்கும். துளைபோடும்போது சுண்ணாம்பு உள்ளே போகாமல் இருப்பதற்காக. மாட்டி முடித்ததும் கழற்றிவிட வேண்டும். சில கம்பெனிகளில் சிவப்பு மூடி, இதில் மூடியும் வெள்ளை. கழற்றாமல் விட்டாலும் பொத்தானை அமுக்கினால் அலாரம் வீடு அதிர அலறும். பொத்தானுக்குப் பேட்டரியையும் சத்தத்தையும் பற்றித்தான் தெரியும், புகை உள்ளே போகிறதா என்பது தெரியாது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தவறு இது. முதல் வருடத்தில் நானும் ஒரு வீட்டில் செய்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது ஞாபகம் வந்து, கை கழுவாமல் ஓடிப்போய்க் கழற்றினேன்.

அக்கா வீட்டில் நான் மறக்கவில்லை.

பொத்தானை அமுக்கச் சொன்னேன். அக்காவே துடைப்பக் காம்பால் எட்டி அமுக்கினாள். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். "அப்பாடா" என்றாள். பிறகு வழக்கம்போல அறைகளைச் சுற்றிப் பார்த்தேன். படுக்கையறையில் கட்டில் காலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி நசுங்கிக்கிடந்தது. அதில் மூன்று பிளக், மேலே பழந்துணி மூட்டை. ஒயர் மேல்தோல் வெடித்து உள்ளே செம்பு தெரிந்தது. பதினொரு வருடத்தில் அதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அரைமணி நேரம் பிரசங்கம் செய்திருக்கிறேன். அன்று மூட்டையைக் கொஞ்சம் சரித்து, பெட்டி வெளியே தெரியாதபடி வைத்தேன். பையில் பழைய அட்டை ஒன்று மிச்சம் இருந்தது. மின் இணைப்புகள்: சரி. அலாரம்: சரி. கையெழுத்துப் போட்டேன். அக்கா ஆசைப்பட்டாள் என்று கதவில் பச்சை ஸ்டிக்கரும் ஒட்டினேன்.

நான் தீ வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவள் அன்று உங்களிடம் என்ன சொன்னாளோ, அதற்கு ஏற்றபடி ஓர் அலாரத்தை மாட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் போயிற்று. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் சாப்பாடு. நடையில் போகும்போது மேலே பார்ப்பேன், மூடி அப்படியே இருக்கும். கையைத் தூக்கினால் போதும், ஏணிகூட வேண்டாம், நாற்காலி போதும். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன். பழைய கதையை நானே மெதுவாக எடுப்பேன். "அந்த ரிமோட் என்ன ஆச்சுக்கா?" என்றுகூட ஒருநாள் கேட்டேன். "எந்த ரிமோட்?" என்றாள். பிறகு நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு நாற்பதுக்கு இடதுபக்க போன் அடித்தது.

"தீயணைப்பு நிலையம், சொல்லுங்க."

"தம்பி, நான்தான்டா. மொட்டைமாடியில துணி காயப்போட்டுட்டு வந்தா வீடெல்லாம் புகை. உங்க அத்தான் உள்ள தூங்கறாரு."

"முகவரி சொல்லுங்க."

"டேய், நான் அக்காடா."

"முகவரி சொல்லுங்க."

கூப்பிடுகிறவர் வாயால் முகவரி வாங்க வேண்டும் என்பது விதி. சொன்னாள். மணி அடித்தேன். எண்பது வினாடியில் வண்டி கிளம்பியது, பதிவேட்டில் பார்க்கலாம். வெளியே போய் நில்லுங்கள், படுக்கையறைக் கதவைத் திறக்காதீர்கள் என்றேன். அதுவும் சரியான அறிவுரைதான்.

"அலாரம் ஏன்டா அடிக்கல?"

"அடிச்சிருக்கும். நீங்க மாடியில இருந்ததால கேட்டிருக்காது."

அவள் கதவைத் திறந்திருக்கிறாள். இரண்டு கையும் வெந்துவிட்டது. அத்தான் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, தூக்கத்திலேயே புகையில் போய்விட்டார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அந்தக் கட்டிலில் அந்த நேரத்தில் யார் படுத்திருக்க வேண்டும் என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை. அலாரம் வெப்பத்தில் உருகி வழிந்து, எது மூடி எது உடம்பு என்று தெரியாமல் ஒட்டிக்கிடந்தது. பேட்டரிகள் உள்ளே பத்திரமாக இருந்தன. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடம் கேட்டீர்கள். திரும்பிவந்து என் தோளில் கைவைத்து, "உங்க பேர்ல ஒரு தப்பும் இல்லப்பா. அலாரம் நல்லா அடிச்சுதாம், அவங்கதான் லேட்டா வந்தாங்களாம்" என்றீர்கள்.

அன்று சாயங்காலமே அவளைப் பார்க்கப் போனேன். இரண்டு கையிலும் முழங்கைவரை கட்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"அடிக்கலைனு போன்ல நீதானே சொன்ன? ஏன் மாத்திச் சொன்ன?"

"அடிக்கலைனு சொன்னா உன்னை வேலையை விட்டே அனுப்பிடுவாங்கடா." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "போன தடவை உன்மேல பழியைப் போட்டேன். அத்தான் என்னை விட்டுடுவாருன்னு பயம். அதை மறக்கவே முடியல. மறந்த மாதிரி நடிச்சுத்தான் காலத்தை ஓட்டினேன். இப்ப அவரும் போயிட்டாரு. எனக்கு நீ ஒருத்தன்தான் மிச்சம். இந்தத் தடவை உன்னை விட்டுக்கொடுக்கலடா."

அவள் முகத்தைத் துடைத்துவிட்டு வெளியே வந்தேன்.

நேற்று உத்தரவு வந்திருக்கிறது. திங்கட்கிழமை முதல் மறுபடி வீட்டுச் சேவை, அதே ஏணி, அதே அட்டை. நிலையத்தில் கைதட்டினார்கள். மூன்று வருடமாக நான் வேண்டிக்கொண்டது அதுதான். ஆனால் அது அவள் சொன்ன பொய்யின்மேல் எனக்குக் கிடைக்கிறது. அதை என்னால் வாங்கிக்கொள்ள முடியாது. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கிறேன். அலாரம் அடிக்கவில்லை. அடிக்காதபடி மாட்டியவன் நான். அத்தானைக் கொன்றது நான்.

எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், ஆனால் அறிக்கையில் ஒன்று மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு தீயிலும் பொய் சொன்னது என் அக்கா. நான் யாரிடமும் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, ஐயா.