முப்பது மைக்ரான்

— வட்டம் தெரியுதாலே, சங்கரு?

— வட்டமா இது? செவத்துல வெத்தலை துப்புன மாதிரி இருக்கு, அண்ணாச்சி.

— லேசர நேரா வையி. கண்ணாடியில பவுடர் தடவியிருக்கேன்லா, அதுக்கு நடுவுல படணும்.

— பட்டாச்சு. அளந்தும் ஆச்சு. தூள் எம்புட்டு சின்னதோ வட்டம் அம்புட்டு பெரிசு... இதாவது ஞாபகம் இருக்கு.

— பரவால்லியே. ஒம்பது வருசம் குடோன் வாட்ச்மேனா இருந்தும் மூளை துருப்பிடிக்கல.

— துருப்பிடிக்க இரும்பு இருக்கணும்லா.

— சரி, தூள் என்ன சைஸு வருது?

— பத்தொம்பது மைக்ரான்.

— முப்பதுன்னு எழுது.

— வந்தது பத்தொம்பது.

— சாரல் ஈரத்துல தூள் கட்டிக்கிட்டிருக்கும்.

— கட்டிக்கிட்டா பெரிசால்லா காட்டணும்? இது சின்னதா காட்டுது.

— ஏலே, நான் அட்டெண்டரா இருக்குத இந்த லேபுல எவன் அளந்தாலும் முப்பதுதான். பரீட்சைக்கு வந்திருக்க எக்ஸ்டர்னல் சாரும் முப்பதத்தான் தேடுவாரு. டீ குடிச்சிட்டு வாரதுக்குள்ள மாத்து.

— மாட்டேன். போன தடவையும் உள்ளத எழுதித்தான ஃபெயிலானேன்.

— அந்தக் கதைய பாவூர்சத்திரம் மார்க்கெட்டு பூரா சொல்லி வச்சிருக்க. என் மச்சினன் எங்கிட்டயே வந்து சொல்லுதான்.

— வாட்ச்மேனுக்கு வேற என்ன பெருமை... லோடு ஏத்துறவங்க கேப்பாங்க. சொன்னா ஒரு டீ கிடைக்கும்.

— அரியர் எழுத இது கடைசி சான்ஸுலே.

— தெரியும். பாஸானா பகல் சூப்பர்வைசர். இல்லன்னா நானும் பெருச்சாளியும்தான்.

— பெறவென்ன, எழுதித் தொலையேன்.

— வந்தது பத்தொம்பதுதான், அண்ணாச்சி.

— சங்கரு... ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?

— உங்களயா? உங்க உடம்ப அடிச்சா எனக்குல்லா மூச்சு வாங்கும்.

— இந்தப் பரிசோதனைக்குன்னு ஒரு செடித்தூள் உண்டு. அதுதான் முப்பது மைக்ரான். நீ சேருததுக்கு முந்தின சீசன்லயே அந்த டப்பாவ ஜன்னல் வழியா குரங்கு தூக்கிட்டுப் போயிட்டு.

— குத்தாலத்துக் குரங்கு... அதுக்கு எதுக்கு பிசிக்ஸு?

— சொன்னா சம்பளத்துல பிடிப்பாங்கன்னு, மூஞ்சிக்குப் பூசுத பவுடரத் தடவி வச்சேன். அன்னையிலேருந்து இதான். எல்லாவனும் பழைய நோட்டப் பாத்து முப்பது எழுதிட்டுப் போயிட்டான். நீ ஒருத்தன்தான் பதினேழுன்னு எழுதுன. நீ ஃபெயிலுன்னதும் எனக்கு ஒரு வாரம் சோறு எறங்கல.

— அண்ணாச்சி...

— இரு. சார் வரட்டும், நானே சொல்லிருதேன். ரிட்டயராக ஆறு மாசம்தான், போனாப் போகுது. நெசமா அளந்த ஒருத்தன நான் கெடுத்துட்டேன்லே.

— நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உக்காருங்க. முப்பதுன்னே எழுதிட்டேன்.

— ஏம்லே? இம்புட்டு நேரம் வீம்பு பிடிச்ச?

— அன்னைக்கு நான் லேசர் சுவிட்சையே போடல, அண்ணாச்சி. பக்கத்து டேபிள்ல பரீட்சை எழுதுன மிஸ்ரியா பேப்பர எட்டிப் பாத்து எழுதுனேன். அந்தப் பதினேழு... அவ ரோல் நம்பரு.