கறுப்பு வெள்ளை அப்பா

புதுக்கடையிலிருந்து மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். "கறுப்பு வெள்ளை அப்பாவ எனக்க பிள்ள அடையாளம் காணல்லட்டி" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அதன்பிறகு ஜன்னல் பக்கம் என் கவனம் போகவில்லை.

"எங்க ஸ்கூல் ஆபீஸ் லேசர் பிரிண்டர்ல போட்டோ அடிச்சா கலர் வராது, மக்கா. ஆனா நீ வீட்டுக்கு வாங்கணும்னா அதுதான் நல்லது. சும்மா கிடந்தாலும் கெட்டுப் போவாது."

"பிள்ளைக்கு ரெண்டு வயசாச்சு. அப்பாவ நேர்ல பாத்ததே இல்ல. எனக்குக் கலர்ல வேணும்."

"அப்பம் இங்க்ஜெட் வாங்கணும். குவைத்துலேருந்து அவிய எப்பம் போட்டோ அனுப்புவாவ?"

"முன்ன வாரா வாரம் மெயில்ல வரும். இப்பம் மூணு மாசத்துக்கு ஒண்ணு."

"அதுக்குள்ள மை காஞ்சு அடைச்சிரும். இங்க்ஜெட்டுன்னா வாரத்துக்கு ஒரு படமாவது அடிக்கணும், கேட்டியா?"

பிள்ளையின் அம்மா தோழியின் பக்கம் திரும்பினாள்.

"அப்பம் அதையே வாங்குவோம். மை காஞ்சு போவும், வாரம் ஒரு படம் அனுப்புங்கன்னு அவியள்ட்ட சொல்லலாமில்லா? வேற என்ன சொல்லிக் கேக்கதுன்னு தெரியல்ல."

தோழி அதன்பிறகு லேசர் பேச்சையே எடுக்கவில்லை.